நரம்பை எடுத்தாச்சு, அப்புறம் எங்கருந்துய்யா வலிக்குது?

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க, நான் மட்டும் தாத்தா காலத்து ஈஸி சேர்ல சாஞ்சிக்கிட்டு கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனை தாண்டிப் போற ரயிலை எண்ணிட்டு இருந்தேன். நாலு வரைக்கும் எண்ணுனேன், அப்புறம் அதுவும் வெறுத்துப்போச்சு. பல்லுக்கு ட்ரீட்மென்ட் எடுத்து அது அஞ்சாவது ராத்திரி. எடுக்குறதுக்கு முன்னாடி இருந்த வலின்னா கூட பரவால்ல, இது எடுத்ததுக்கு அப்புறம் வந்த வலி. காசையும் குடுத்துட்டு வலியையும் கையோட வாங்கிட்டு வந்த மாதிரி ஒரு எரிச்சல்.

மொதல்லருந்தே சொல்றேன். வலது பக்கம் கீழ் கடவாய்ப்பல்லு, பத்து பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொத்தைன்னு அடைச்சது. தை மாசம் பண்ருட்டி சொந்தக்காரங்க வீட்ல வறுத்த முந்திரி குடுத்தாங்க, அதுல எங்கயோ ஓட்டுத் துண்டு ஒண்ணு கெடந்திருக்கு, டக்குனு ஒரு சத்தம், அடைச்சது பாதி பேந்து கையில வந்துருச்சு. சரி அடுத்த வாரம் போலாம்னு நெனச்சேன், அந்த அடுத்த வாரம் அஞ்சு மாசம் கழிச்சு தான் வந்துச்சு. மஞ்சக்குப்பத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கவனுக்கு லீவுன்னு ஒண்ணு கெடையாது பாருங்க. மொதல்ல ஐஸ் தண்ணி குடிச்சா சுர்ருனு ஒரு வலி, ரெண்டு செகண்டுல போயிடும். அப்போ போயிருந்தா மறுபடியும் அடைச்சிட்டு அனுப்பியிருப்பாங்களாம். நான் விட்டுட்டேன். அப்புறம் சூடா காபி குடிச்சா வலி வந்து அரை மணி நேரம் உக்காந்துக்க ஆரம்பிச்சுது, ராத்திரி தூக்கத்துல எழுப்புச்சு. சூட்டுக்கு வலிச்சு போகாம நிக்குதுன்னா உள்ள நரம்பு சாகப் போகுதுன்னு அர்த்தமாம், அதுக்கப்புறம் ரூட் கெனால், அதாவது உள்ள இருக்குற நரம்பை எடுத்துட்டு அடைக்கிறது, இல்லன்னா பல்லைப் புடுங்குறது, வேற வழி இல்ல.

கடலூர்ல பல் டாக்டருக்கு பஞ்சமா, தெருவுக்கு ஒண்ணு இருக்கு. ஆனா நம்ம ஊர்க்காரனுக்கு ஒரு வியாதி, எதுவா இருந்தாலும் பாண்டிக்கு போய் பாத்தா தான் பாத்த மாதிரி இருக்கும். என் மச்சான் முதலியார்பேட்டைல இருக்கான், அவனுக்கு தெரிஞ்ச கிளினிக், சின்ன வயசு டாக்டரம்மா, பொறுமையா பாப்பாங்கன்னான். புதன்கிழமை போனேன். மரத்துப்போற ஊசி போட்டு, பல்லை தொளைச்சு, ஊசி மாதிரி சின்ன சின்ன ஃபைலை உள்ள விட்டு நரம்பை எடுத்து, மருந்து தண்ணி விட்டு கழுவி, உள்ள மருந்து வச்சு மேல தற்காலிகமா அடைச்சு விட்டாங்க. கீழ் கடவாய்ப்பல்லுல நரம்பு போற கால்வாய் பொதுவா மூணு இருக்குமாம், சிலருக்கு நாலு. எனக்கு நாலு. அதிர்ஷ்டம் வர்ற எடத்தை பாருங்க. "ரெண்டு மூணு நாள் வலி இருக்கும் சார், பயப்படாதீங்க, மாத்திரை எழுதியிருக்கேன், அந்தப் பக்கம் மெல்லாதீங்க, வலி கூடுச்சுன்னா போன் பண்ணுங்க"ன்னு சொல்லி அனுப்புனாங்க. இந்த கடைசி வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, நான் வச்சுக்கல.

பஸ்ல வரும்போது வலி சுத்தமா இல்ல, பாதி மூஞ்சியே இல்லாத மாதிரி தான் இருந்துச்சு. அந்த மரத்த வாயோட கன்னியக்கோயில் கிட்ட எறங்கி ஒரு டீ குடிச்சேன் பாருங்க, அது தான் மொத தப்பு. கூட ஒரு பிஸ்கட்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடில பாத்தா கன்னத்து உள்பக்கம் கடிச்சு குதறி வச்சிருக்கேன், எனக்கே தெரியல. கீழ்த்தாடைக்கு போடுற ஊசி ரெண்டு மணி நேரத்துலருந்து நாலு மணி நேரம் வரைக்கும் கூட நிக்கும், உதடு திரும்ப நம்மளோடது ஆகுற வரைக்கும் தண்ணி தவிர எதுவும் வேணாம், சூடா எதுவும் வேணவே வேணாம். ஊசி குத்துன எடமும் ரெண்டு மூணு நாள் இறுக்கமா இருந்துச்சு, வாய முழுசா தொறக்க முடியல, கொட்டாவி வந்தா கூட பாதில நிறுத்தணும். அது அந்த தசையில ஊசி போனதால, மெதுவா சரியாயிடுச்சு.

ராத்திரி எட்டு மணிக்கு மரப்பு எறங்குச்சு, வலி ஏறுச்சு.

இங்க தான் எனக்கு புரியாத விஷயம். நரம்பை தான் எடுத்தாச்சே, அப்புறம் எது வலிக்குது? இதை அப்புறமா டாக்டர் சொன்னது அவ்ளோ அழகா இருந்துச்சு. பல்லு எலும்புல ஆணி அடிச்ச மாதிரி நேரா இறங்கி நிக்கல, வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு ஜவ்வு இருக்கு, கால் மில்லிமீட்டர் கூட இருக்காது, அதுல தான் பல்லு தொங்கிட்டு இருக்கு. சோத்துல ஒரு சின்ன மணல் கெடந்தா கூட கடிச்ச உடனே நமக்கு தெரியுதே, அதை சொல்றது அந்த ஜவ்வு தான். ரூட் கெனால்ல எடுத்தது பல்லுக்குள்ள இருக்குற நரம்பை. வெளிய இருக்குற ஜவ்வு உயிரோட தான் இருக்கு. ஃபைலை விட்டு வேர் நுனி வரைக்கும் சுத்தம் பண்ணும்போது அது புண்ணாகுது, வீங்குது. கால்ல முள்ளு எடுத்த எடம் வலிக்கிற மாதிரி தான். அதனால மொத ரெண்டு மூணு நாள் வலிக்கிறது நியாயமான வலி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா கொறையணும். எனக்கு கொறையல. அது தான் கதை.

புதன் ராத்திரி நான் பண்ண ரெண்டாவது தப்பு, மாத்திரைய ஒழுங்கா போடாதது. ஐபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் சேந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு வேளைன்னு எழுதியிருந்தாங்க. நாம தான் வீரனாச்சே, வலி தாங்க முடியாம போனா போட்டுக்கலாம்னு வச்சிட்டேன். அப்படி போட்டா மாத்திரை வேலை செய்யவே முக்கால் மணி நேரம் ஆகுது, அதுவரைக்கும் சுவத்துல முட்டிக்கணும். வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே நேரம் வச்சு போடுறவனுக்கு பாதி வலி கொறையும், இது வியாழக்கிழமை நேரத்துக்கு போட்டு பாத்தப்போ நானே பாத்த வித்தியாசம். அதே வியாழக்கிழமை நடுவுல வீட்ல இருந்த டோலோ 650 வேற ஒண்ணு எடுத்து போட்டுக்கிட்டேன். என் வீட்டுக்காரி தான் அட்டைய படிச்சு பாத்துட்டு "என்னங்க, ரெண்டுலயும் ஒரே மருந்து தான இருக்கு"ன்னா. சரியா தான் சொன்னா. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு பெரியவங்களுக்கு 4 கிராமை தாண்டக்கூடாது, தாண்டினா கல்லீரல்ல கைய வைக்கும், இது எதுல எவ்ளோ இருக்குன்னு பாக்காம மாத்தி மாத்தி போட்டா கணக்கு எங்க போகும்னே தெரியாது. ஐபுபுரோஃபென் எல்லாருக்கும் ஆகாது, அல்சர் இருக்கவங்க, கிட்னி பிரச்சனை இருக்கவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க எல்லாம் டாக்டர்கிட்ட சொல்லிட்டு தான் தொடணும். எங்க அம்மாவுக்கு சுகர் பிரஷர் ரெண்டும் இருக்கு, கிட்னியையும் பாத்துக்க சொல்லியிருக்காங்க, அதனால அவங்களுக்கு நான் என் மாத்திரைல ஒண்ண கூட தர மாட்டேன். மெடிக்கல்ல போய் பல்லுவலின்னு சொன்னா ஆன்டிபயாடிக் எடுத்து நீட்டுறாங்க பாருங்க, அது வலி மாத்திரையே கெடையாது. சீழ், காய்ச்சல், வீக்கம் இருந்தா டாக்டர் தருவாங்க, வெறும் வலிக்கு அது ஒண்ணும் பண்ணாது.

அப்புறம் ஆரம்பிச்சுது வைத்தியம். பல்லுவலின்னு வாய தொறந்தா போதும் கடைக்கு வர்றவங்க எல்லாம் டாக்டர் ஆயிடுறாங்க. பட்டா நகல் எடுக்க வந்த பெரியவர் கொய்யா எலைய மென்னு வச்சுக்கோன்னாரு. ஆல்பேட்டைலருந்து வர்ற ஒரு அக்கா ஆஸ்பிரினை பொடி பண்ணி பல்லு மேல அப்பிக்கோன்னாங்க, நல்லவேளை நான் அதை செய்யல, ஆஸ்பிரின் ஆசிட், ஈறு வெந்து வெள்ளையா உரிஞ்சிடும். ஆனா கிராம்பு எண்ணெய செஞ்சேன். பஞ்சுல தொட்டு வைன்னு சொன்னா நான் பாட்டிலையே கவுத்துட்டேன், ஈறெல்லாம் தீ வச்ச மாதிரி எரிஞ்சுது. கிராம்புல யூஜினால்னு ஒண்ணு இருக்கு, அது நெஜமாவே மரத்துப்போக வைக்கிற சரக்கு தான், பல் டாக்டர்களே அதை மருந்துல சேக்குறாங்க, நம்ம பாட்டிங்க சொன்னது தப்பில்ல. ஆனா அது தொறந்து கெடக்குற சொத்தைக்கு. மேல அடைச்சு மூடியிருக்குற பல்லுக்கு வெளிய ஈறுல தடவுனா வேர் நுனிக்கு அது எப்படி போகும்? ஈறு தான் புண்ணாகும்.

மச்சான் போன் பண்ணி, "இன்னா மாமா, ஒரு குவார்ட்டரை வாயில வச்சு கொப்புளிச்சு முழுங்கு, எல்லாம் சரியாயிடும்"னான். பாண்டிக்காரன் வேற என்ன சொல்லுவான். இதுல காமெடி இல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. பல்லுக்கு நெறைய பேருக்கு மெட்ரோனிடசோல்னு ஒரு மாத்திரை தருவாங்க, அது போடுற நாள்லயும் நிறுத்தி மூணு நாள் வரைக்கும் குடிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க, வாந்தி, நெஞ்சு படபடப்புன்னு ஆளை படுத்திடும். வலி மாத்திரையோட குடிச்சாலும் வயித்துக்கும் கல்லீரலுக்கும் கேடு தான்.

அவன் பேசுறதுக்கு அவனுக்கே தகுதி இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி அவனுக்கு கீழ ஞானப்பல்லை புடுங்குனாங்க. புடுங்குன பள்ளத்துல ரத்தம் உறைஞ்சு நிக்கணும், அது தான் கட்டு போட்ட மாதிரி எலும்பை மூடி காப்பாத்தும். பஞ்சை அழுத்தி கடிச்சிட்டு இருக்கணும், மொத நாள் கொப்புளிக்கக் கூடாது, மொத சில நாளைக்கு காறித் துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறியக் கூடாது, சிகரெட் கூடவே கூடாது. எங்க ஆளு ரெண்டாவது நாளே ஸ்ட்ரா போட்டு எளநீ, அதுக்கு மேல ஒரு சிகரெட்டு. உறிஞ்ச உறிஞ்சுல உறைஞ்ச ரத்தம் பேந்து வந்துடுச்சு. மூணாவது நாள் வலி காது வரைக்கும் ஏறி, வாய்நாத்தம் வேற, ஆளு அழுதுட்டான். ட்ரை சாக்கெட்னு சொல்றாங்க, எலும்பு அப்படியே தொறந்து கெடக்கும். அதுக்கு எந்த மாத்திரையும் சரியா கேக்காது, டாக்டர்கிட்ட போய் கழுவி கிராம்பு மருந்து தோய்ச்ச துணிய உள்ள வச்சா தான் அடங்கும். உள்ள வச்ச அரை மணி நேரத்துல சிரிச்சிக்கிட்டே வந்தான். பல்லு புடுங்கினவங்களுக்கு கணக்கு இது தான்: மொத நாள் வலி, ரெண்டாவது நாள் கொறையுது, மூணாவது நாள் திடீர்னு ஏறுதுன்னா வீட்ல உக்காந்து உப்புத்தண்ணி கொப்புளிச்சு ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

என் கதைக்கு வர்றேன். வெள்ளிக்கிழமைலருந்து என் வலி வேற மாதிரி மாறுச்சு. சும்மா இருந்தா மந்தமா இருக்கும், தெரியாம மேல்பல்லும் கீழ்பல்லும் தொட்டுச்சுன்னா உச்சந்தலை வரைக்கும் ஒரு மின்னல். எச்சில் முழுங்கும்போது பல்லு ரெண்டும் லேசா தொடும்னு உங்களுக்கு தெரியுமா? எனக்கு அன்னைக்கு தான் தெரிஞ்சுது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை எச்சில் முழுங்குறோம்னும் அன்னைக்கு தான் தெரிஞ்சுது. காதுக்குள்ள குத்துச்சு, காதுல எதாவது போயிடுச்சோன்னு டார்ச் அடிச்சு பாக்க சொன்னேன். பல்லு, தாடை, காது பக்கம் எல்லாத்துக்கும் ஒரே நரம்போட கிளைங்க தான் போகுது, அதனால எங்க வலிக்குதுன்னு மூளையே கொழம்பிடுமாம். படுத்தா இன்னும் மோசம், தலைக்கு ரத்தம் ஏறி விண்ணு விண்ணுனு தெறிக்கும், அதான் ஈஸி சேர். ரெண்டு தலகாணி வச்சு தலைய தூக்கி படுத்தாலும் கொஞ்சம் பரவால்ல. கன்னத்துக்கு வெளிய துணில ஐஸ் சுத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் வச்சு எடுத்தா கொஞ்ச நேரம் அடங்கும். வெந்நீர் ஒத்தடம் மட்டும் குடுக்காதீங்க, வீக்கத்துக்கு அது ஆகாது.

சாப்பாடு தான் பெரிய சோகம். ஞாயித்துக்கிழமை முதுநகர் போய் சுறா வாங்கிட்டு வந்து அம்மா புட்டு பண்ணாங்க. மெல்லவே வேணாம், வாயில போட்டா கரையும், ஆனா பச்சமொளகாயும் மெளகும் கன்னத்து புண்ணுல பட்டுச்சுன்னா? நான் ரசம் விட்டு கொழையப் பெசைஞ்ச சோத்தை இடது பக்கமா தள்ளி தள்ளி முழுங்குனேன். பையன் எதுத்தாப்புல உக்காந்து மூணு தடவை புட்டு வாங்கி சாப்புட்டான். பல்லைக் கடிச்சிட்டு பொறுத்துக்கோன்னு ஒரு பெருசு சொன்னாரு பாருங்க, அவரை என்ன பண்றது.

ஏன் போன் பண்ணலன்னு கேப்பீங்க. வெக்கம் தான். நேத்து தான பாத்தாங்க, மறுபடியும் போன் பண்ணா என்ன நெனப்பாங்க, ஆம்பள ஒரு பல்லுவலிய தாங்க மாட்டானான்னு நெனப்பாங்களோ, போனா மறுபடியும் பீஸ் கேப்பாங்களோ, இருவத்தஞ்சு கிலோமீட்டர் போய் ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டா, இப்படியே ஓட்டுனேன். எங்க வீட்ல சொல்லி சொல்லி பாத்துட்டு விட்டுட்டா. திங்கக்கிழமை காலைல அம்மா தான் காபி குடுத்துட்டு ஒண்ணு சொன்னாங்க: "அப்பருக்கு சூலை நோய் வந்தது இந்த ஊர்ல இருக்கும்போது தாண்டா. தாங்க முடியலன்னதும் மானம் மரியாதை பாக்காம ராத்திரியோட ராத்திரியா அக்காவத் தேடி திருவதிகைக்கு ஓடுனாரு. நீ அவர விட பெரிய ஆளா?" அவரு சமண மடத்துல தலைவரா இருந்தவரு, அத்தனையும் விட்டுட்டு ஒளிஞ்சு போனாருன்னு கதை. எனக்கு ஒரு ஷட்டரை எறக்கி பூட்டுறது தான் வேலை.

பஸ் ஏறுனேன். கங்கணாங்குப்பம், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், வழில எத்தனை ஸ்பீட் பிரேக்கர் இருக்குன்னு யாருக்காச்சும் வேணும்னா கேளுங்க, ஒவ்வொண்ணும் பல்லுல எழுதி வச்சிருக்கேன்.

டாக்டரம்மா வாயத் தொறக்க சொல்லி, நீலக் கலர்ல கார்பன் பேப்பர் மாதிரி ஒரு சின்ன தாளை பல்லுக்கு நடுவுல வச்சு "தட்டுங்க சார், டக் டக்குனு தட்டுங்க"ன்னாங்க. எடுத்து பாத்தா தற்காலிகமா அடைச்ச எடத்துல ஒரு மூலைல மட்டும் திக்கா நீலப் புள்ளி. மத்த பல்லுங்கள்ல லேசா தான் பட்டிருக்கு. அவ்ளோ தான் விஷயம். அடைச்சது ஒரு தாளளவு ஒசரமா இருந்திருக்கு, வாய் மரத்து இருக்கும்போது எனக்கு அது தெரியல. ஏற்கனவே புண்ணா இருக்குற ஜவ்வு மேல ஒவ்வொரு தடவை வாய மூடும்போதும் மொத்த தாடையும் அந்த ஒரு பல்லு மேல எறங்கியிருக்கு. டிரில்லை வச்சு ரெண்டு நிமிஷம் கூட ஆகல, சர்ருனு தேச்சு எறக்குனாங்க, மறுபடியும் தாளை வச்சு பாத்தாங்க. வாய மூடுனேன். மின்னல் வரல. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க, சத்தியமா.

"வெள்ளிக்கிழமையே வந்திருந்தா வெள்ளிக்கிழமையே எறக்கியிருப்பேன் சார், இதுக்கெல்லாம் நான் பீஸ் வாங்குறது இல்ல"ன்னாங்க. மூணு ராத்திரி. ரெண்டு நிமிஷம்.

கொஞ்சம் திட்டவும் செஞ்சாங்க. இது ஒசரமா இருந்ததோட போச்சு, வேற எதாவதா இருந்திருந்தா என்ன பண்ணுவீங்கன்னாங்க. கன்னமோ தாடைக்கு கீழயோ வீக்கம் பெருசாகிட்டே போறது, காய்ச்சல், வாய ரெண்டு விரல் அளவுக்கு கூட தொறக்க முடியாம போறது, முழுங்க செரமம், இதெல்லாம் வந்தா மறுநாள்னு தள்ளக் கூடாது. கீழ் கடவாய்ப்பல்லு சீழ் நாக்குக்கு அடில எறங்கி கழுத்தை நோக்கி போனா மூச்சையே அடைக்கும், அதுக்கு பல் கிளினிக் கூட இல்ல, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலும் சொல்லணும். காசு தான் பயம்னா பாண்டில கோரிமேடு பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, நமக்கு தெக்க போனா சிதம்பரத்துல முன்னாடி ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியா இருந்து இப்போ அரசுக் கல்லூரி ஆனது இருக்கு, காலைல சீக்கிரம் போய் ஓபி சீட்டு போடணும், பொறுமை வேணும், ஆனா கெளம்புங்க.

ராத்திரியே வலி பாதி ஆயிடுச்சு, புதன்கிழமை மாத்திரைய நிறுத்திட்டேன். நேத்து ரெண்டாவது சிட்டிங், உள்ள இருந்த மருந்தை எடுத்துட்டு கட்டாபெர்ச்சான்னு ஒண்ணை வச்சு நாலு கால்வாயையும் அடைச்சாங்க. ரப்பர் மாதிரி ஒரு மரத்துப் பால் அது, மலேசியா பக்கத்து மரம். 1851ல இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல கடலுக்கு அடில தந்திக் கம்பி போட்டப்போ தண்ணி புகாம இருக்க இதைத் தான் கம்பி மேல சுத்துனாங்களாம், இப்போ என் பல்லுக்குள்ள கெடக்கு. இந்த தடவை மரப்பு எறங்குற வரைக்கும் டீ குடிக்கல. கெளம்புறதுக்கு முன்னாடி நானே கேட்டேன், டாக்டர் அந்த நீலத் தாளை ரெண்டு தடவை வச்சு பாத்துடுங்கன்னு. சிரிச்சாங்க, ஆனா வச்சாங்க.

இன்னைக்கு லேசா வலி இருக்கு, தொட்டா தெரியுற வலி, நேத்தைக்கு கொறவு. அடுத்த வாரம் பல்லு மேல தொப்பி மாதிரி மாட்டுற கேப்புக்கு அளவெடுக்கணும், நரம்பு இல்லாத பல்லு ஏற்கனவே பாதி தொளைச்சது, கேப் போடாம கடிச்சா பொளந்துடும். அதுவரைக்கும் இடது பக்கம் தான். இந்த ஞாயித்துக்கிழமை முதுநகருக்கு நானே போறேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன், கன்னத்து புண்ணும் ஆறிடுச்சு.